வேதிச்சிகிச்சை நரம்பு வலியும் கோஷாஜின்கிகன் மூலிகை மருந்தும்

கோஷாஜின்கிகன் என்பது சப்பானிய மரபு மருத்துவமான கம்போ முறையில் வழங்கப்படும் ஒரு கூட்டு மூலிகை மருந்து ஆகும். முதியவர்களின் கால் மரத்துப்போதல், இடுப்பு வலி, உடல் சில்லிடுதல், சிறுநீர்க் கோளாறு ஆகியவற்றுக்காக இது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. புற்றுநோய்க்கான வேதிச்சிகிச்சையால் (கீமோதெரபி) உண்டாகும் நரம்புப் பாதிப்பைத் தடுக்க இம்மருந்து உதவுமா என்ற கேள்வி 2000களின் இறுதியில் சப்பானில் எழுந்தது. தொடக்கத்தில் வந்த சிறு ஆய்வுகள் உதவும் என்று நம்பிக்கை தந்தன. பின்னர் நடந்த பெரிய ஆய்வு நேர்மாறான முடிவைத் தந்ததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மூலிகை மருந்து ஒன்று எவ்வாறு சோதிக்கப்பட வேண்டும் என்பதற்கு மருத்துவ நூல்களில் காணக்கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

நரம்புப் பாதிப்பு ஏன் வருகிறது?

புற்றுநோய் மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. நரம்பு செல்கள் பெருகுவதில்லை. ஆயினும் சில மருந்துகள் அவற்றையும் விட்டுவைப்பதில்லை. ஆக்சாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின் முதலிய பிளாட்டினம் வகை மருந்துகள், பாக்ளிடாக்சல், டோசிடாக்சல், வின்கிரிஸ்டின், போர்டிசோமிப் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை.

இவற்றுள் சில மூலிகையிலிருந்தே வந்தவை என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. மடகாசுகரைத் தாயகமாகக் கொண்ட இச்செடியைத் தமிழ்நாட்டில் வீட்டு முற்றத்திலும் கோயில் நந்தவனத்திலும் காணலாம். பாக்ளிடாக்சல் முதன்முதலில் வட அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. 'மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை' என்று சொல்வோர், நரம்பைக் கடுமையாகத் தாக்கும் இவ்விரு மருந்துகளும் செடியும் மரமும் தந்தவை என்பதை நினைவில் கொள்வது நல்லது.

கோஷாஜின்கிகன் ஆய்வுகள் பெரும்பாலும் ஆக்சாலிபிளாட்டினைச் சுற்றியே நடந்தன. இம்மருந்தும் சப்பானில் பிறந்ததுதான். நகோயா நகரப் பல்கலைக்கழகத்தில் யோஷினோரி கிதானி 1976இல் இதைக் கண்டறிந்தார். இன்று உலகெங்கும் பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சையின் தூண்களில் ஒன்றாக இது விளங்குகிறது. பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாகச் செலுத்தப்படுகிறது.

ஆக்சாலிபிளாட்டினால் வரும் நரம்புத் தொல்லை இரு வகைப்படும். முதல் வகை, மருந்து ஏற்றிய சில மணி நேரத்திலேயே தொடங்கிச் சில நாட்களில் மறைவது. குளிர்ச்சிதான் இதைத் தூண்டும். குளிர்ந்த நீரைக் குடித்தால் தொண்டை இறுகுவது போலிருக்கும். குளிர்சாதனப் பெட்டிக் கதவைத் தொட்டால் விரலில் சுருக்கென்று பாயும். நரம்பில் உள்ள சோடியம் வாயில்கள் இயல்பு பிறழ்வதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

இரண்டாம் வகை மெல்ல வருவது, ஆனால் நிலைத்து நிற்பது. தண்டுவடத்தை ஒட்டி வெளிப்புறத்தில் உணர்வு நரம்புகளின் செல்கள் திரண்டிருக்கும் முடிச்சுகள் உள்ளன. மூளையைக் காப்பது போன்ற உறுதியான தடுப்புச்சுவர் இம்முடிச்சுகளுக்கு இல்லை. எனவே ஒவ்வொரு சுற்றிலும் செலுத்தப்படும் பிளாட்டினம் இங்குச் சிறிது சிறிதாகத் தங்கிவிடுகிறது. உடலிலேயே நீளமான நரம்புகள் காலுக்குச் செல்பவை என்பதால் பாதிப்பு முதலில் கால்விரல் நுனியிலும், கைவிரல் நுனியிலும் தெரிகிறது. பிறகு காலுறையும் கையுறையும் அணிந்தது போன்ற பரப்பில் மேலேறுகிறது. மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு, எரிச்சல், வலி எனப் பலவாறாக நோயாளிகள் இதைச் சொல்வார்கள். சட்டைப் பொத்தானைப் போட முடியாது. கையிலிருந்து சாவி நழுவும். காலில் செருப்பு இருக்கிறதா கழன்றுவிட்டதா என்பதே தெரியாது.

சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு, மூன்று மாதங்களுக்கு இது கூடுதலாவது உண்டு. ஊசிதான் நின்றுவிட்டதே, ஏன் அதிகமாகிறது என்று பலரும் அஞ்சுவது இக்காலத்தில்தான். பெரும்பாலோருக்குப் பின்னர் படிப்படியாகக் குறையும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

தமிழில் 'நரம்புத் தளர்ச்சி' என்று விளம்பரங்களில் சொல்லப்படுவது இதுவன்று. அந்தச் சொல் சோர்வு, நடுக்கம், ஆண்மைக் குறைவு எனப் பலவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. இங்கே பேசப்படுவது, ஒரு குறிப்பிட்ட மருந்தால் உணர்வு நரம்புகளுக்கு நேரும், அளந்து பார்க்கக்கூடிய சேதம்.

இச்சேதம் மருத்துவர்களைக் கவலைப்படுத்துவதற்கு வலி மட்டும் காரணமல்ல. நரம்புப் பாதிப்பு மிகுந்தால் ஆக்சாலிபிளாட்டினின் அளவைக் குறைக்க வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும். புற்றுநோயை அடக்கும் மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே கைவிட நேரிடலாம். நரம்பைக் காக்கும் துணைமருந்து ஒன்று கிடைத்தால் அந்த இக்கட்டிலிருந்து விடுபடலாம் என்ற ஆவல் இதனால்தான்.

மருந்தின் அமைப்பு

கம்போ என்பது சீன மரபிலிருந்து சப்பானுக்குச் சென்று அங்கே தனி வழியில் வளர்ந்த மருத்துவம். சப்பானில் இது தனிப் பட்டம் பெற்றவர்களின் துறையன்று. நவீன மருத்துவம் படித்த மருத்துவரே கம்போ மருந்தையும் எழுதிக் கொடுக்கிறார். 1967 முதல் கம்போ மருந்துகள் அரசு மருத்துவக் காப்பீட்டுக்குள் வரத் தொடங்கின. இன்று அவ்வாறு ஏற்கப்பட்டவை 148. சித்த மருத்துவமும் ஆங்கில மருத்துவமும் தனித்தனிக் கல்லூரிகளாகவும் தனித்தனி மருத்துவமனைகளாகவும் இயங்கும் தமிழ்நாட்டு நிலைமையோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். புற்றுநோய்ப் பிரிவில் ஆக்சாலிபிளாட்டின் ஏற்றும் மருத்துவரே மூலிகைத் தூளையும் எழுதித் தர முடிந்ததால்தான், பின்னர் சொல்லப்படும் ஆய்வுகள் அங்கே இயல்பாக நடந்தன.

கோஷாஜின்கிகனின் மூல வாய்பாடு 1253ஆம் ஆண்டைச் சேர்ந்த சீன மருத்துவ நூலொன்றில் காணப்படுகிறது. யான் யோங்ஹே எழுதிய ஜிஷெங் ஃபாங் என்பது அந்நூல். அதற்கும் முன்பே இருந்த எட்டுச் சரக்கு மருந்தோடு கோஷிட்சு, ஷாசென்ஷி என்னும் இரண்டைச் சேர்த்ததால் அவற்றின் முதல் எழுத்துகளைக் கொண்டு 'கோஷா' என்னும் முன்னொட்டு வந்தது.

இந்தப் பத்துச் சரக்குகளில் சில தமிழருக்கு உறவுமுறையில் தெரிந்தவையே. கோஷிட்சு என்பது நாயுருவியின் இனத்தைச் சேர்ந்த செடியின் வேர். ஷாசென்ஷி, மலச்சிக்கலுக்குப் பயன்படும் இசப்கோல் செடியின் நெருங்கிய உறவான ஒரு செடியின் விதை. ஒரு வகை வள்ளிக்கிழங்கும், சீன இலவங்கப்பட்டையும் உண்டு. ரெமானியா கிழங்கு அளவில் மிகுதியானது. கார்னசு என்னும் மரத்தின் பழம், மூட்டான் செடியின் வேர்ப்பட்டை, நீரில் வளரும் அலிசுமாவின் கிழங்கு, பைன் மர வேரில் வளரும் பொரியா என்னும் பூஞ்சை ஆகியவை ஏனையவை. ஒரு நாளுக்குரிய அளவில் ரெமானியா 5 கிராம். இலவங்கப்பட்டையும் அடுத்துச் சொல்லப்போகும் சரக்கும் தலா 1 கிராம். மற்ற ஏழும் தலா 3 கிராம். இவற்றைக் கொதிக்கவைத்து வடித்த சாறு உலர்த்தப்பட்டுக் குறுணையாகப் பொட்டலங்களில் வருகிறது. ஒரு நாளைக்கு 7.5 கிராம் குறுணை, இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்து உணவுக்கு முன் உட்கொள்ளப்படும்.

பத்தாவது சரக்கு, பதப்படுத்தப்பட்ட அகோனைட் கிழங்கு. சித்த மருத்துவத்தில் நாபி, வச்சநாபி என வழங்கும் கொடிய நஞ்சுக் கிழங்கின் இனம். இதிலுள்ள அகோனிட்டின் நரம்பின் சோடியம் வாயில்களைத் திறந்தபடியே வைத்துவிடும். நச்சேறிய ஒருவருக்கு முதலில் வாயும் நாக்கும் மரத்து, கை கால்களில் குறுகுறுப்பு பரவும். பின்னர் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகும். ஆவியில் வேகவைக்கும்போது அகோனிட்டின் சிதைந்து நச்சுத்தன்மை பன்மடங்கு குறைகிறது. சித்தத்தில் நாபியைச் 'சுத்தி' செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்று வற்புறுத்துவதும் இதே காரணத்தால்தான். சப்பானிய ஆலைத் தயாரிப்பில் இந்த நஞ்சின் அளவு கட்டுக்குள் வைக்கப்படுகிறது. கடையில் கிழங்கை வாங்கி வீட்டிலேயே இடித்துச் செய்வது முற்றிலும் வேறு கதை. அதை யாரும் முயலக் கூடாது.

எலிகளில் நடந்த சோதனைகளில் இம்மருந்து ஆக்சாலிபிளாட்டினால் வரும் குளிர்க்கூச்சத்தைக் குறைத்தது. வலியை அடக்கும் இயற்கைப் பொருளான டைனார்ஃபினை வெளியிடச் செய்கிறது, நரம்பைச் சூழும் இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, குளிரை உணரும் வாயில்களை மட்டுப்படுத்துகிறது என விளக்கங்கள் தரப்பட்டன. நீரிழிவால் கால் மரத்தவர்களுக்கு இதைக் கொடுத்த அனுபவமும் சப்பானிய மருத்துவர்களுக்கு இருந்தது.

நம்பிக்கை தந்த ஆய்வுகள்

முதலில் வந்தவை, ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வுகளும், சில பத்து நோயாளிகளைக் கொண்ட சிறு ஆய்வுகளும் ஆகும். மூலிகை எடுத்தவர்களுக்குக் கடுமையான பாதிப்பு குறைவு என்று அவை கூறின. ஆனால் இத்தகைய ஆய்வில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. தான் மூலிகை உட்கொள்வது நோயாளிக்குத் தெரியும். கேட்டு எழுதும் மருத்துவருக்கும் தெரியும். மதமதப்பு என்பது இரத்தச் சர்க்கரை போல் கருவியில் எண்ணாகத் தெரிவதன்று. 'இப்போது எப்படி இருக்கிறது?' என்ற கேள்விக்கு நோயாளி சொல்லும் விடைதான் அளவுகோல். நம்பிக்கை அந்த விடையை எளிதில் மாற்றிவிடும்.

எனவே மருந்துப்போலியோடு ஒப்பிடும் ஆய்வு தேவைப்பட்டது. மருந்துப்போலி என்பது நிறத்திலும் சுவையிலும் மருந்தைப் போன்றே இருக்கும், மருந்துச் சரக்கு இல்லாத தூள். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படும். நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 'கோன்' என்று பெயரிடப்பட்ட அத்தகைய ஆய்வு சப்பானில் பல மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2013இல் வெளிவந்தது. பெருங்குடல் புற்றுநோயாளர் 89 பேர் பங்கேற்றனர்: மூலிகைக் குழுவில் 44 பேர், போலிக் குழுவில் 45 பேர்.

பாதிப்பு படிநிலைகளாகக் குறிக்கப்பட்டது. முதல் படி, தொல்லை இருந்தும் வேலை தடைப்படாத நிலை. இரண்டாம் படி, செயல்பாட்டுக்கு இடையூறாகும் நிலை. மூன்றாம் படி, அன்றாட வாழ்க்கையையே குலைக்கும் நிலை. எட்டுச் சுற்றுச் சிகிச்சை முடிவதற்குள் இரண்டாம் படியையோ அதற்கு மேலோ எட்டியவர்கள் மூலிகைக் குழுவில் 39 விழுக்காடு, போலிக் குழுவில் 51 விழுக்காடு. மூன்றாம் படியை எட்டியவர்கள் 7 விழுக்காடும் 13 விழுக்காடும்.

விழுக்காட்டைப் பார்த்ததும் மூலிகை வென்றதாகத் தோன்றும். தலைகளை எண்ணிப் பார்த்தால் 17 பேருக்கும் 23 பேருக்கும் உள்ள வேறுபாடுதான் அது. மூன்றாம் படியில் 3 பேரும் 6 பேரும். நாணயத்தைச் சுண்டினாலே இவ்வளவு ஏற்றத்தாழ்வு வரக்கூடும். ஆய்வாளர்களின் கணக்கில் ஒப்பீட்டு இடர் 0.76, அதன் நம்பக வீச்சு 0.47 முதல் 1.21 வரை. 1 என்றால் இரு குழுவுக்கும் வேறுபாடே இல்லை என்று பொருள். வீச்சு 1ஐத் தாண்டிச் செல்வதால், மூலிகை இடரைப் பாதியாகக் குறைத்திருக்கலாம், ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் இருக்கலாம். இரண்டையும் இந்த ஆய்வால் விலக்க முடியவில்லை. புள்ளியியல் படிக்கும் மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளத்தக்க கணக்கு இது. 'பலன் இருக்கலாம், பெரிய ஆய்வு தேவை' என்பதற்கு மேல் இதிலிருந்து எதுவும் பெற முடியாது.

பாதியில் நின்ற ஆய்வு

'ஜீனியசு' என்ற பெயரில் அந்தப் பெரிய ஆய்வும் சப்பானிலேயே நடந்தது. மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, நோய் மீண்டும் வராமல் தடுக்க ஆக்சாலிபிளாட்டின் கலந்த சிகிச்சை பெற்றவர்கள் இதில் சேர்க்கப்பட்டனர். அறுவையால் நோய் நீங்கியவர்கள் இவர்கள். நீண்ட காலம் வாழ வாய்ப்புள்ளவர்கள். அவர்களுக்கு நிரந்தரமாகக் கால் மரத்துப்போவது சிறிய இழப்பன்று.

இத்தகைய ஆய்வுகளில், முழு எண்ணிக்கை சேரும் முன்பே இடையில் ஒருமுறை கணக்குப் பார்ப்பது வழக்கம். ஒரு குழுவுக்குத் தீங்கு நேர்கிறது என்றால் மேலும் பலரை அதில் தள்ளாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. இடைக் கணக்கைப் பார்த்ததும் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2015இல் வெளியான முடிவின்படி, கணக்கில் கொள்ளப்பட்ட 182 பேரில், இரண்டாம் படியையோ அதற்கு மேலோ எட்டியவர்கள் போலிக் குழுவில் 31.2 விழுக்காடு, மூலிகைக் குழுவில் 50.6 விழுக்காடு.

அதாவது, நரம்பைக் காக்கும் என்று கொடுக்கப்பட்ட மருந்தை உட்கொண்டவர்களுக்கே பாதிப்பு கூடுதலாக இருந்தது. தலைக்கணக்கில் 93 பேரில் 29 பேர், 89 பேரில் 45 பேர். இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாது.

மூலிகையே நரம்பைக் கெடுத்ததா? அப்படிச் சொல்லவும் இந்த ஒரு முடிவு போதாது. முந்தைய ஆய்வில் போலிக் குழுவில் பாதிப்பு 51 விழுக்காடு, இங்கே 31 விழுக்காடு. ஒரே சிகிச்சைக்கு, ஒரே நாட்டில் இவ்வளவு வேறுபாடு என்றால், நோயின் நிலை, மதிப்பிடும் மருத்துவரின் கண் எனப் பலவும் இதில் கலந்திருக்கலாம். ஆனால் 'தடுக்கும்' என்ற கூற்று நிலைக்கவில்லை என்பதில் ஐயமில்லை. எலியில் கண்ட விளக்கங்களோ, எண்ணூறு ஆண்டுக்கால மரபோ அதைக் காப்பாற்றவில்லை. உண்மையில் மரபு இந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இல்லை. ஆக்சாலிபிளாட்டின் என்ற பொருளே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட வாய்பாடு அது.

ஏமாற்றம் மூலிகைக்கு மட்டும் நேரவில்லை. சிறு ஆய்வுகளில் பலன் தருவதாகத் தோன்றிய கால்சியம், மெக்னீசிய ஊசி, 353 பேரைக் கொண்டு 2014இல் வெளிவந்த ஆய்வில் பயனற்றது எனத் தெரிந்தது. 'நரம்புக்கு நல்லது' என்று விற்கப்படும் அசிட்டைல் எல் கார்னிட்டின், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற 409 பெண்களிடம் சோதிக்கப்பட்டபோது (2013), 24 வாரங்களில் பாதிப்பைக் கூட்டியிருந்தது. பி வைட்டமின்களும் இந்தப் பாதிப்பைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை. பி6 வைட்டமினை அளவுக்கு மீறி நாள்தோறும் எடுத்தால் அதுவே உணர்வு நரம்பைக் கெடுக்கும் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

இன்று பரிந்துரைக்கப்படுபவை

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் கழகம் 2020இல் புதுப்பித்த வழிகாட்டுதல், தடுப்பு மருந்தாக எதையும் பரிந்துரைக்கவில்லை. கோஷாஜின்கிகனும் அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள் ஒன்று. அசிட்டைல் எல் கார்னிட்டினை எடுக்க வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது. வலி வந்துவிட்டவர்களுக்கு டுலோக்செட்டின் ஒன்றையே பரிந்துரைக்கிறது. 231 பேரிடம் நடந்த ஆய்வில் முதல் ஐந்து வாரத்தில் இதை எடுத்தவர்களில் 59 விழுக்காட்டினருக்கும், மருந்துப்போலி எடுத்தவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் வலி குறைந்தது. பலன் நடுத்தரமானதுதான், வலியைக் குறைக்குமே தவிரச் சேதத்தைச் சரிசெய்யாது.

உண்மையில் நரம்பைக் காப்பதில் பெரும் பலன் தந்தது, மருந்தைக் கூட்டியதால் அன்று, குறைத்ததால். மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சையையும் மூன்று மாதச் சிகிச்சையையும் ஒப்பிட்ட, 12,834 பேரைக் கொண்ட பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு 2018இல் வெளிவந்தது. ஆறு மாதம் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டாம் படியோ அதற்கு மேலோ பாதிப்பு வந்தது. மூன்று மாதத்தில் அது ஆறில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. இடர் குறைந்த நோயாளிகளில், குறிப்பாக ஒரு வகை மருந்துச் சேர்க்கையில், நோய் மீள்வதில் பெரிய வேறுபாடில்லை. யாருக்கு எவ்வளவு காலம் என்பதை மருத்துவரே தீர்மானிக்க முடியும். நோயாளி செய்ய வேண்டியது, விரல் நுனியில் மதமதப்பு தொடங்கியதுமே அதைச் சொல்வது. 'சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள்' என்று மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் மருத்துவருக்கு அளவைச் சரிசெய்யும் வாய்ப்பே இல்லாமல் போகிறது.

தாவரப் பொருள்களில், மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் 8 விழுக்காடு செறிவுள்ள ஒட்டாக, பொதுவான நரம்பு வலிக்கு ஐரோப்பாவில் ஏற்பு பெற்றுள்ளது. மருத்துவரின் மேற்பார்வையில் மரப்பு மருந்து தடவிய பின் ஒட்டப்படுவது அது. மிளகாயை அரைத்துப் பூசுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. உணர்விழந்த தோலில் மிளகாய் விழுது புண்ணாக்கிவிடும்.

மூலிகையைப் பற்றி மருத்துவரிடம் சொல்வது ஏன்?

மூலிகை நரம்புக்குப் பலன் தராவிட்டாலும் கெடுதல் இல்லையே என்ற எண்ணம் பரவலாக உள்ளது. புற்றுநோய்ச் சிகிச்சையின்போது அது சரியன்று. மன அமைதிக்காக மேலைநாடுகளில் உட்கொள்ளப்படும் செயின்ட் ஜான்சு வோர்ட் என்னும் மூலிகை, பெருங்குடல் புற்றுநோய் மருந்தான இரினோடெகானின் செயல்படு வடிவத்தை இரத்தத்தில் 42 விழுக்காடு குறைத்தது என 2002இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. பசுந்தேயிலையின் ஒரு கூறு, போர்டிசோமிப் மருந்தோடு பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்வது ஆய்வகத்திலும் எலிகளிலும் 2009இல் காணப்பட்டது. நோயாளிக்கு வெளியே எதுவும் தெரியாது. மருந்து ஏறியிருக்கும், வேலை செய்திருக்காது.

எனவே நாட்டு மருந்துக் கடைச் சூரணமோ, உறவினர் அனுப்பிய லேகியமோ, எதுவாயினும் பொட்டலத்தோடு எடுத்துச் சென்று புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். சித்த மருத்துவரிடம் செல்பவர்கள், தமக்கு ஏற்றப்படும் மருந்தின் பெயரை எழுதி அவரிடமும் காட்ட வேண்டும்.

உணர்வு குறைந்த கால்களுக்கு வீட்டில் செய்யக்கூடியவை எளிமையானவை. வீட்டுக்குள்ளும் பின்பக்கம் வார் உள்ள செருப்பு அணிவது, இரவில் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, படிக்கட்டில் விளக்கு போடுவது போன்றவை. வெந்நீர் ஒத்தடமும் சூடான தவிட்டு மூட்டையும் நம் வீடுகளில் வழக்கம். சூடு உறைக்காத காலில் இவை கொப்புளம் எழுப்பிய பிறகே தெரியவரும். நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல், முழங்கையாலோ வீட்டிலுள்ள இன்னொருவர் கையாலோ பார்த்துக்கொள்ள வேண்டும்.